ஊசி முனையில் பெருகும் இரத்தம்: எவ்வளவு, எங்கே, எத்தனை நேரம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பகுதியில் அக்குபங்சர் சிகிச்சையைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஊசி குத்துவதால் தசைகளில் இரத்த ஓட்டம் பெருகுகிறது என்றும், ஆகவே நடக்கும்போது வரும் கால் வலி, பாதம் மரத்துப்போதல், கழுத்துப் பிடிப்பு முதலான தொல்லைகள் எல்லாம் அதனால் நீங்கும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. முதல் பகுதி பெரும்பாலும் உண்மை. ஆனால் அந்த 'ஆகவே' தாங்கமுடியாத சுமையைத் தாங்க வேண்டியதாகிவிட்டது. மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். அக்குபங்சர் முழுவதும் ஏமாற்று என்று சொல்ல வருபவன் அல்லன் நான்; ஊசியைச் சுற்றி நடப்பது அளந்து பார்க்கத் தக்க உடலியங்கியல் நிகழ்வு என்பதே என் கருத்து. அளந்து பார்க்கத் தக்கதாக இருப்பதனாலேயே, அது எவ்வளவு என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

ஓய்வாக இருக்கும் தசைக்கு மிகக் குறைந்த இரத்தமே செல்கிறது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். உடல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு எலும்புத் தசையே என்றாலும், இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் சுமார் 5 லிட்டர் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகவே ஓய்வு நிலையில் தசைகளுக்குக் கிடைக்கிறது. 100 கிராம் தசைக்கு நிமிடத்துக்கு 3 முதல் 4 மில்லிலிட்டர் என்பது பாடநூல்கள் தரும் கணக்கு. அதே தசை கடுமையாக வேலை செய்யும்போது இந்த அளவு 50 மில்லிலிட்டரைத் தாண்டுகிறது, பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களிடம் அதைவிடப் பல மடங்கு உயர்கிறது. இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கத்தைச் சமாளிப்பவை தசைக்குள் ஓடும் நுண்தமனிகள். அவற்றின் சுவரிலுள்ள மென்தசை சுருங்கினால் குழாய் ஒடுங்குகிறது, தளர்ந்தால் விரிகிறது. குழாயில் பாயும் அளவு அதன் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்று பிரெஞ்சு மருத்துவர் புவாஸேய் 19ஆம் நூற்றாண்டில் கண்டறிந்தார். ஆரம் வெறும் 19 விழுக்காடு கூடினாலே ஓட்டம் இரட்டிப்பாகிவிடும் என்பது அந்தக் கணக்கின் விளைவு. எனவே ஒரு சிறு ஊசி இரத்த ஓட்டத்தை மாற்றிவிட முடியுமா என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை. நுண்தமனியின் சுவரைச் சிறிதளவு தளர்த்தும் எதுவும் அதைச் செய்யும்.

ஊசி அதை எப்படிச் செய்கிறது என்பதை வாசகர்கள் தங்கள் கையிலேயே ஓரளவு பார்க்கலாம். முன்கையின் உட்புறத்தில் விரல் நகத்தால் சற்று அழுத்தமாக ஒரு கோடு இழுத்துவிட்டுக் காத்திருந்தால், கோடு இழுத்த இடம் சிவக்கும். பிறகு அந்தக் கோட்டுக்கு வெளியே, நகம் படவே படாத தோலிலும், ஓரம் ஒழுங்கற்ற ஓர் இளஞ்சிவப்புப் பரவல் தோன்றும். சிலருக்குக் கோடு தடித்தும் போகும். இந்த மூன்று படிகளையும் பிரிட்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1927இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். இவற்றுள் நமக்கு முக்கியமானது நகம் படாத இடத்துச் சிவப்பு. வலியையும் அரிப்பையும் உணரும் மெல்லிய நரம்பிழைகள் தோலுக்குள் கிளைகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு கிளை தூண்டப்பட்டால் அந்தச் செய்தி முதுகுத்தண்டை நோக்கிச் செல்வதோடு நிற்காமல், வழியிலுள்ள பிரிவில் திரும்பி மற்றக் கிளைகளின் வழியாகவும் தோலுக்கே வந்து சேர்கிறது. அந்தக் கிளைகளின் நுனியிலிருந்து சி.ஜி.ஆர்.பி., சப்ஸ்டன்ஸ் பி என்னும் பெப்டைடுகள், அதாவது சிறு புரதத் துண்டுகள், கசிந்து அருகிலுள்ள இரத்த நாளங்களை விரிவடையச் செய்கின்றன. உணர்வு நரம்பு முற்றிலும் அழிந்துபோன தோலில் இந்தப் பரவல் தோன்றுவதில்லை. மூளையையோ முதுகுத்தண்டையோ கேட்காமல் நரம்பிழை தன்னளவில் நடத்திக்கொள்ளும் எதிர்வினை இது.

தசையிலும் இத்தகைய மெல்லிய நரம்பிழைகள் உள்ளன. கால் மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள அக்குபங்சர் ஊசி தசைக்குள் இறங்கி அசைக்கப்படும்போதோ திருகப்படும்போதோ அவை தூண்டப்படுகின்றன. நோயாளி 'கனமாக இருக்கிறது', 'உள்ளே இழுக்கிறது' என்று சொல்லும் அந்த மந்தமான உணர்வு, சீன மரபில் தே-சி எனப்படுவது, பெரும்பாலும் இந்த வகை இழைகளிலிருந்தே எழுகிறது. எலிகளில் சி.ஜி.ஆர்.பி. தன் வேலையைச் செய்யவொட்டாமல் மருந்தால் தடுத்துவிட்டு ஊசி குத்திப் பார்த்த ஜப்பானிய ஆய்வாளர்கள், தசையில் ஓட்டம் கூடுவது குறைந்துபோவதை 2013இல் வெளியிட்டார்கள். நாளச் சுவரைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் இதில் பங்கேற்கிறது. அடினோசின் என்னும் பொருளுக்கும் ஓர் இடம் உண்டு: 2010இல் அமெரிக்காவின் ரோச்சஸ்டர் பல்கலைக்கழகத்தார் எலியின் முழங்காலுக்கு அருகே ஊசியைக் குத்தித் திருகியபோது, ஊசியைச் சுற்றியுள்ள திசுத் திரவத்தில் அடினோசின் பல மடங்கு உயர்ந்ததையும், அது செல்லில் வந்து பற்றிக்கொள்ளும் ஏற்பி பிறவியிலேயே இல்லாத எலிகளில் ஊசியின் வலி தணிக்கும் விளைவு மறைந்துபோனதையும் காட்டினார்கள். அவர்கள் தேடியது வலியை. ஆனால் அடினோசின் நாளங்களை விரிக்கும் பொருளும் ஆகும் என்பதை உடலியங்கியல் படித்த எவரும் அறிவர். ஊசி ஒரு நுண்ணிய காயம்; காயம்பட்ட செல்கள் வெளியிடும் பொருள்களும், தூண்டப்பட்ட நரம்பு வெளியிடும் பொருள்களும் சேர்ந்து அந்த இடத்தில் நுண்தமனிகளைத் திறக்கின்றன. இதை விளக்கப் புதிய ஆற்றல் எதையும் துணைக்கு அழைக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

மனிதர்களிடம் அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நலமாக உள்ளவர்களின் கீழ்க்காலின் முன்புறத் தசையில் ஊசி குத்தினார்கள். ஒரு முறை தோலுக்கடியில் மட்டும், இன்னொரு முறை தசைக்குள் இறக்கி அந்தக் கனத்த உணர்வு வரும்வரை. தசைக்குள் இறங்கிய ஊசியே தோலிலும் தசையிலும் ஓட்டத்தைத் தெளிவாகக் கூட்டியது. பெல்ஜியத்தில் 2012இல் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் ட்ரப்பீசியஸ் தசையில் ஒற்றை ஊசியைக் குத்தி எடுத்துவிட்டு அளந்தபோது, குத்திய இடத்தில் ஓட்டமும் ஆக்சிஜன் நிறைவும் உயர்ந்து, அளவீடு தொடர்ந்த 15 நிமிடமும் அப்படியே இருந்தன. ஆனால் அதே தசையைச் சார்ந்த சற்றுத் தள்ளிய இடங்களில் ஏறக்குறைய ஒன்றும் மாறவில்லை. இந்த இரண்டாவது செய்தியைத்தான் கட்டுரைகள் வழக்கமாக விட்டுவிடுகின்றன. ஊசி முனையைச் சுற்றிய ஒரு சிறு வட்டத்தில், சில நிமிடங்களுக்கு, ஓட்டம் கூடுகிறது. 'உடல் முழுவதும் இரத்த ஓட்டம் சீராகிறது' என்ற பரந்த கூற்றுக்கு இந்த அளவீடுகள் சான்று ஆகா.

அளவீட்டைப் பற்றியே ஒரு சொல். தசையின் ஓட்டத்தை வெளியிலிருந்து அளப்பது எளிதன்று. இது தெரியாமல் ஆய்வு முடிவுகளைப் படித்தால் எவரும் வழி தவறுவர். தோலின் மேல் வைக்கப்படும் சாதாரண லேசர் டாப்ளர் கருவி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழத்தையே பார்க்கிறது. அது காட்டுவது தோலின் ஓட்டம், தசையினுடையதன்று. ஊசியைச் சுற்றித் தோல் சிவக்கும் என்பது கண்ணாலேயே தெரிவதால், அதைத் தசையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பச்சை ஒளியைச் செலுத்தித் தோலையும், அகச்சிவப்புக்கு அண்மைய ஒளியைச் செலுத்தி ஆழமான திசுவையும் தனித்தனியே பார்க்கும் ஒளி அளவீட்டு முறையை ஸ்வீடன் குழுவினர் பயன்படுத்தியது இதனால்தான். அகச்சிவப்பு நிறமாலை முறையோ ஒரு திசுவில் தங்கியுள்ள ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினின் அளவைச் சொல்கிறது. தங்கியிருக்கும் அளவும் பாயும் அளவும் ஒன்றல்ல, சிரை வழியே வெளியேறுவது தடைப்பட்டாலும் ஓரிடத்தில் இரத்தத்தின் அளவு கூடத்தான் செய்யும். ஊசி குத்தப்படும் மனிதர் பயந்தாலோ, வலியில் நெளிந்தாலோ, ஆபத்தின்போது உடலை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொண்டு இரத்த அழுத்தத்தை உயர்த்திவிடுகிறது. அழுத்தம் உயர்ந்ததால் தசைக்குள் கூடுதலாகத் தள்ளப்பட்ட இரத்தத்தையும் நாளம் விரிந்ததால் வந்த இரத்தத்தையும் பிரித்தறியாத ஆய்வின் முடிவை நான் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லமாட்டேன்.

இனி, 'எவ்வளவு' என்ற கேள்வி. ஓய்வு நிலையில் ஓட்டம் மிகக் குறைவாக இருப்பதால், அது ஒன்றரை மடங்கானது, இரண்டு மடங்கானது என்று சொல்லும்போது காதுக்குப் பெரிதாகக் கேட்கிறது. நிமிடத்துக்கு 3 மில்லிலிட்டராக இருந்தது இரண்டு மடங்கானால் 6 மில்லிலிட்டர். மாடிப்படியில் ஏறி இறங்கும் ஒருவரின் தொடைத் தசை அதைவிடப் பல மடங்கு இரத்தத்தைப் பெறுகிறது, அதுவும் ஊசி முனையைச் சுற்றி மட்டுமல்லாமல் தசை முழுவதும், சிகிச்சைக்கென்று எதுவும் செலவழிக்காமல். தசையின் இரத்த ஓட்டத்தைக் கூட்டுவதே நோக்கம் என்றால் அதற்கு உடல் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி அந்தத் தசையை வேலை வாங்குவதுதான். சுருங்கி விரியும் தசைநார்கள் வெளியிடும் பொட்டாசியம், அடினோசின், கரியமில வாயு, லாக்டிக் அமிலம், நாளச் சுவரில் உராயும் இரத்தமே தூண்டிவிடும் நைட்ரிக் ஆக்சைடு எனப் பல காரணிகள் ஒரே நேரத்தில் நுண்தமனிகளைத் திறக்கின்றன. மின் அக்குபங்சர் செய்பவர்கள் இதை நன்கு அறிந்திருக்க வேண்டும்: ஊசிகளுக்கிடையே நொடிக்கு இரண்டு, நான்கு முறை மின்துடிப்பைச் செலுத்தினால் தசை கண்ணுக்குத் தெரியும்படி துடிக்கிறது. அப்போது பெருகும் இரத்தத்தில் எவ்வளவு ஊசிக்கு உரியது, எவ்வளவு அந்தத் துடிப்பு என்னும் சிறு உடற்பயிற்சிக்கு உரியது என்று பிரிக்காமல் 'அக்குபங்சரின் விளைவு' என்று முழுவதையும் ஒரே கணக்கில் சேர்ப்பது சரியன்று.

கட்டுரையில் குறிப்பிட்ட புள்ளிகளைப் பற்றியும் ஆற்றல் ஓடும் பாதைகளைப் பற்றியும் நிறைய இருந்தது. இரத்த ஓட்ட ஆய்வுகள் அதற்கு அவ்வளவாகத் துணை நிற்கவில்லை. நரம்பிழை உள்ள எந்த இடத்திலும் ஊசி குத்தினால் இந்த எதிர்வினை எழும் என்பதே நாம் அறிந்த நரம்பியலிலிருந்து எதிர்பார்க்க வேண்டியது. அதே ஸ்வீடன் குழுவினர் உடலெங்கும் நீடித்த வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நோய் உள்ளவர்களிடம் செய்த அடுத்த ஆய்வில், ஆழமாகக் குத்தாமல் தோலுக்கடியில் மட்டும் குத்தியதே தசையின் ஓட்டத்தைக் கூட்டப் போதுமானதாக இருந்தது. இது வேறொரு சிக்கலையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. உண்மை ஊசியையும் போலி ஊசியையும் ஒப்பிடும் மருத்துவப் பரிசோதனைகளில், தவறான இடத்தில் மேலோட்டமாகக் குத்துவதைப் போலியாக வைத்துக்கொள்வது வழக்கம். அந்தப் போலியும் நரம்பைத் தூண்டி நாளத்தை விரித்தால், அது முற்றிலும் செயலற்ற ஒப்பீடு ஆகாது. ஜெர்மனியில் 1,162 முதுகுவலி நோயாளிகளிடம் நடந்து 2007இல் வெளியான பெரிய பரிசோதனையில், ஆறு மாத முடிவில் உண்மை அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினரும், போலி பெற்றவர்களில் 44.2 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டார்கள். அக்குபங்சரை ஆதரிப்பவர்கள் முதல் எண்ணையும் மூன்றாவது எண்ணையும் காட்டுகிறார்கள். எதிர்ப்பவர்கள் முதல் இரண்டையும் காட்டுகிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஊசி எங்கே குத்தப்பட்டது என்பது பெரிதாகப் பொருட்படவில்லை என்பதும், குத்தப்பட்ட அனுபவம், கவனிப்பு, எதிர்பார்ப்பு, நரம்புத் தூண்டல் ஆகிய அனைத்தும் சேர்ந்து ஏதோ நன்மை செய்தன என்பதும் தெரிகின்றன. அந்த நன்மையில் இரத்த ஓட்டத்தின் பங்கு என்ன என்று இந்தப் பரிசோதனை சொல்லவில்லை. அதை அளக்கவே இல்லை.

கழுத்துப் பிடிப்பைப் பொறுத்தவரை கட்டுரையாளரிடம் எனக்குப் பெரிய சண்டை இல்லை. நெடுநேரம் ஒரே நிலையில் தோளை உயர்த்தி வைத்து வேலை செய்பவர்களின் தசை விடாமல் சுருங்கியிருக்கிறது; சுருங்கிய தசை தன்னுள் ஓடும் நாளங்களைத் தானே நெரிக்கிறது; கழிவுப் பொருள்கள் தங்கி வலி நரம்புகளை எரிச்சலூட்டுகின்றன. தொட்டால் 'அங்கேதான்' என்று நோயாளி துள்ளும் அந்த முடிச்சு போன்ற இடங்களிலிருந்து மெல்லிய குழாய் வழியே திரவம் எடுத்து ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், வலி தரும் முடிச்சுகளில் சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி., வலியைத் தூண்டும் பிராடிகைனின் ஆகியவை வலியற்ற தசையைவிட அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். அப்படிப்பட்ட ஓர் இடத்தில் ஊசி இறங்கித் தசை ஒரு கணம் துள்ளி அடங்கி, புதிய இரத்தம் பாய்ந்து தேங்கியதைக் கழுவிக்கொண்டு போகிறது என்ற விளக்கம் நம்பத்தக்கதே. எனினும் நம்பத்தக்க விளக்கம் நிறுவப்பட்ட விளக்கம் ஆகிவிடாது. ஓட்டம் கூடியதால் வலி குறைந்ததா, வலி குறைந்து தசை தளர்ந்ததால் ஓட்டம் கூடியதா என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. மேலும், வெந்நீர் ஒற்றடமும் தோளைச் சுழற்றும் எளிய பயிற்சியும் இதே காரியத்தைச் செய்கின்றன என்பதை அந்தக் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

நான் இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்தது கால் வலியைப் பற்றிய பகுதிக்காகத்தான். சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகிப் பிடித்து வலிக்கிறது. நின்றால் சில நிமிடங்களில் வலி போய்விடுகிறது. மீண்டும் அதே தூரம் நடந்தால் மீண்டும் வருகிறது. இப்படிச் சொல்லும் நடுவயதுக்காரரிடம், அவர் புகைப்பவராகவோ நீரிழிவு உள்ளவராகவோ இருந்தால், முதலில் ஐயப்பட வேண்டியது காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனியில் கொழுப்புப் படிந்து ஏற்பட்ட அடைப்பை. இங்கேயும் 'தசைக்கு இரத்தம் போதவில்லை' என்பது முழு உண்மை; அதனால்தான் இரத்த ஓட்டத்தைக் கூட்டும் ஊசி இதற்கு ஏற்ற சிகிச்சை என்று படிப்பவருக்குத் தோன்றிவிடுகிறது. ஆனால் பற்றாக்குறை எங்கே உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். தமனி ஒடுங்கியிருப்பது இடுப்பிலோ தொடையிலோ. கெண்டைக்காலின் நுண்தமனிகள் கிடைக்கிற இரத்தத்தையெல்லாம் இழுத்துக்கொள்வதற்காக, நடக்கத் தொடங்கியதுமே தம்மால் முடிந்த அளவுக்கு விரிந்து நிற்கின்றன. தலைமடையில் தண்ணீர் அடைபட்டிருக்கும்போது கடைமடை வாய்க்காலை அகலப்படுத்தி என்ன பயன்? ஏற்கெனவே விரிந்து நிற்கும் நாளத்தை மேலும் விரிக்க ஊசிக்கு இடமில்லை. விரித்தாலும், அடைப்பைத் தாண்டி வரும் இரத்தத்தின் அளவு மாறப்போவதில்லை. அடைப்பு முற்றினால் படுத்திருக்கும்போதும் பாதம் வலிக்கும், ஆறாத புண் வரும், இறுதியில் விரலோ பாதமோ அழுகும். இடைப்பட்ட மாதங்களை ஊசியை நம்பிக் கழித்துவிடுபவருக்கு ஏற்படும் இழப்பை ஊசியின் நேரடித் தீங்குகளின் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை.

இதைக் கண்டறிவதற்கான முதல் பரிசோதனை மிக எளிது. கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்கிறார்கள், விடை 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் காலின் தமனியில் அடைப்பு இருப்பதாகக் கொள்கிறார்கள். நீண்டகால நீரிழிவு உள்ளவர்களுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போவதால் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டலாம் என்பதையும் மருத்துவர்கள் அறிவர். அவர்களுக்குக் கால் விரலில் அழுத்தம் அளப்பது போன்ற வேறு வழிகள் உண்டு. அடைப்பு உறுதியானால், புகையை விடுவதும், இரத்தக் கொழுப்பு, சர்க்கரை, அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளும், மேற்பார்வையோடு கூடிய நடைப் பயிற்சியும் முதல் நிலைச் சிகிச்சைகள். வலி வரும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடக்கும் அந்தப் பயிற்சி வலியின்றி நடக்கக்கூடிய தூரத்தைக் கூட்டும் என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. கெண்டைக்கால் வலிக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது அவசரமானது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தால், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அந்தக் காலில் ஊசி குத்துவதோ அழுத்திப் பிடித்துவிடுவதோ கூடவே கூடாது, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பாதம் மரத்துப்போவதைப் பற்றிக் கட்டுரை சொன்னதில் ஒரு நுட்பமான முரண்பாடு இருக்கிறது. ஊசி நாளங்களை விரிப்பது மெல்லிய உணர்வு நரம்பிழைகளின் வழியாக என்று மேலே சொன்னேன். நீரிழிவு முதலில் தாக்குவதும் பெரும்பாலும் அதே மெல்லிய இழைகளைத்தான், அதுவும் பாதத்தில் தொடங்கி. அந்த இழைகள் நலிந்த தோலில், நகக்கோட்டுக்கு வெளியே பரவும் அந்தச் சிவப்பு குறைந்துபோகிறது. நரம்புச் சிதைவின் அளவை மதிப்பிட ஆய்வாளர்கள் அந்தக் குறைவையே ஓர் அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள். ஆக, ஊசியின் உதவி மிகவும் தேவைப்படும் என்று கட்டுரை கருதும் பாதத்தில், அந்த உதவியைக் கொண்டுசேர்க்க வேண்டிய கருவியே பழுதுபட்டிருக்கிறது. உணர்வு குன்றிய பாதத்தில் குத்திய இடம் சீழ்ப்பிடித்தாலும் நோயாளிக்குத் தெரியாது என்பது வேறு.

மற்றத் தீங்குகளைப் பற்றி மிகைப்படுத்த விரும்பவில்லை. நன்கு பயின்றவர் கையில், ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கியெறியும் கிருமி நீக்கிய ஊசியோடு, இது பெரும்பாலும் பாதுகாப்பானதே; குத்திய இடத்தில் சிறிது இரத்தம் கசிவதும் கன்றிப்போவதுமே அதிகம் காணப்படுபவை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தோள்பட்டை, மேல்முதுகு, மார்பு ஆகிய இடங்களில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலைச் சுற்றியுள்ள உறை கிழிந்து காற்று புகுந்துவிடலாம். அரிது என்றாலும் நடந்திருக்கிறது. கழுத்துப் பிடிப்புக்கு ஊசி குத்திக்கொண்ட சில மணி நேரத்தில் மூச்சு வாங்கினால் அதைக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு நான் கேட்கவில்லை. ஆனால் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டிருக்கும் வாசகர்களில் நடந்தால் கெண்டைக்கால் வலிப்பவர்களும் இருப்பார்கள். அடுத்த உடல்நலப் பகுதியில் அவர்களுக்காக ஒரு சிறு கட்டச் செய்தியை வெளியிடுங்கள்: ஊசிக்குப் போகும் முன், கணுக்காலில் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள் என்று அதில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியர் ஒருவர்